அவெல்லனேடாவின் தையற்கூடம்

தொழிற்பயிற்சிக் கூடம் ஒன்றின் வரலாற்றில் எழுதுவதற்கு அப்படி என்ன இருக்கிறது என்று வாசகர்கள் எண்ணக்கூடும். வரிசையாகச் சில தையல் இயந்திரங்கள், துணி வெட்டும் மேசை ஒன்று, திறப்பு விழாவிற்கு வந்த அமைச்சர், மறுநாட் பத்திரிகையின் உட்பக்கத்தில் ஒரு படம். அத்துடன் விடயம் முடிந்துவிடும். இத்தகைய படங்களுக்குக் கீழே இடும் இரண்டு வரிக் குறிப்புகளை என் பத்திரிகை வாழ்வில் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் 2008 ஜூன் மாதத்தில், ஆர்ஜென்டினாவின் தலைநகர் புவனோஸ் அயர்ஸை அடுத்துள்ள அவெல்லனேடா என்னும் தொழில் நகரில் திறக்கப்பட்ட தையற்கூடம் ஒன்றை அவ்வாறு இரண்டு வரியில் அடக்கிவிட முடியாது. அதனைத் திறந்தவர்கள், தாங்கள் ஒரு சங்கமாகக் கூடி இயங்குவதற்கான அனுமதியைப் பெறவே அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய்வந்தவர்கள்.

அவர்களை அங்கு 'திரவெஸ்தி' என்பர். பிறப்புப் பதிவில் ஆண் என்று எழுதப்பட்டு, பெண்மையையே தமது வாழ்வாக வரித்துக்கொண்டவர்களைக் குறிக்கும் சொல் அது. தெருவில் வசைச்சொல்லாக வழங்கிவந்த அதனை 1990களில் அவர்களே கையிலெடுத்துத் தமக்குரிய பெயராக்கிக்கொண்டனர். தமிழில் நாம் இதற்கு எதிர்த் திசையிற் சென்றோம். வசைச் சொற்களை ஒதுக்கிவிட்டு, கூவாகத்து அரவானை நினைந்து 'அரவாணி' என்றும், பின்னர் 'திருநங்கை' என்றும் புதுப்பெயர்களை ஆக்கிக்கொண்டோம். எவ்வழி மேலானது என்பதை அப்பெயரால் அழைக்கப்படுவோரே தீர்மானிக்கட்டும். வாசகர்களுக்குப் பழகிய சொல் என்பதனால் இக்கட்டுரையில் திருநங்கை என்றே எழுதுகிறேன்.

தையற்கூடத்தின் கதை லோஹானா பெர்கின்ஸ் என்பவரின் கதையும் ஆகும். 1965இல், பொலிவிய எல்லையை ஒட்டிய வட மாகாணமான சால்தாவில் பிறந்தவர். பதின்மூன்றாவது வயதில் வீட்டைவிட்டு வெளியேறினார். ஆணாக நடந்துகொள், இல்லையேல் வெளியே போ என்பது தந்தையின் கட்டளை. பதின்மூன்று வயதுப் பிள்ளை வீட்டைவிட்டுப் போகும்போது பள்ளிக்கூடமும் கூடவே போய்விடுகிறது. கைத்தொழில் எதுவும் தெரியாது. கற்றுக்கொடுப்பாரும் இல்லை. எஞ்சியது உடலை விற்கும் தொழில் ஒன்றே. பின்னாளில் சட்டமன்றங்களிலும் பல்கலைக்கழக மண்டபங்களிலும் பேச அழைக்கப்பட்ட இப்பெண்மணி, இந்தத் தொடக்கத்தை ஒருபோதும் மறைத்ததில்லை. அது தம்முடைய தெரிவு அல்ல, தமக்கென விடப்பட்டிருந்த ஒரே வாசல் என்பதே அவரது வாதமாக இருந்தது.

அந்த வாசலிலும் பொலிஸார் நின்றனர். புவனோஸ் அயர்ஸில் 'பொலிஸ் ஆணைகள்' என்ற பெயரில் ஒரு சிறு சட்டத்தொகுதி நடைமுறையில் இருந்தது. பாராளுமன்றம் இயற்றியதன்று, பொலிஸ் திணைக்களமே வகுத்து, பொலிஸ் திணைக்களமே விசாரித்து, பொலிஸ் திணைக்களமே தண்டித்தது. அதன் 2 எஃப் என்னும் பிரிவு எதிர்ப்பாலாரின் ஆடையை அணிந்து பொதுவிடத்தில் தோன்றுவதைக் குற்றமாக்கியது. 2 எச் என்னும் பிரிவு, வீதியில் நின்று இச்சைக்கு அழைப்பதைக் குற்றமாக்கியது. நீதிபதியின் முகத்தைக் காணாமலே முப்பது நாட்கள் வரை ஒருவரைத் தடுத்துவைக்கலாம். வெளியே வந்த அன்று மாலையே மீண்டும் பிடிக்கலாம். சில திருநங்கையர் ஓராண்டில் வெளியே கழித்த நாட்களிலும் உள்ளே கழித்த நாட்களே அதிகம். 1998இல் புவனோஸ் அயர்ஸ் மாநகரின் புதிய சட்டமன்றம் இந்த ஆணைகளை ஒழித்தது.

இதனை வாசிக்கையில் இலங்கை வாசகர்களுக்கு ஒரு பழைய பெயர் நினைவிற்கு வரவேண்டும். பிரித்தானியர் விட்டுச்சென்ற 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும், 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் ஆள்மாறாட்டம் பற்றிய 399ஆம் பிரிவும் நமது நாட்டில் இதே வேலையைத்தான் செய்துவந்தன. வேலையின்றி ஊர்சுற்றுவோரையும் பிச்சைக்காரரையும் எண்ணி எழுதிய சட்டம், சேலையுடுத்து இரவில் பஸ் நிலையத்தில் நின்ற ஒருவரைப் பிடிப்பதற்கும் பயன்பட்டது. நான் பத்திரிகைத் துறைக்கு வந்த காலத்தில் இவர்களைப் பற்றிய செய்தி ஆசிரியபீடத்திற்கு வரும் வழி ஒன்றே ஒன்றுதான்: பொலிஸ் நிருபரின் குறிப்புப் புத்தகம். இவர்கள் என்ன தொழில் தெரிந்தவர்கள், என்ன படித்தவர்கள், எந்த ஊரைவிட்டு வந்தவர்கள் என்ற கேள்விகளுக்கு அந்தப் புத்தகத்தில் இடமில்லை.

இக்கேள்விகளை ஆர்ஜென்டினாவில் கேட்டவர்கள் திருநங்கையரே. 2005இல் லோஹானாவும் மானிடவியலாளரான ஹோசெஃபினா ஃபெர்னாண்டஸும் சேர்ந்து ஓர் ஆய்வு நூலை வெளியிட்டனர். 'சொந்தப் பெயரின் வீரகாதை' என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். தலைநகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் மார் தெல் பிளாத்தா என்னும் கடற்கரை நகரிலும் 302 திருநங்கையரைத் தேடிச் சென்று கேட்டறிந்த விவரங்கள் அதில் உள்ளன. ஏறத்தாழ ஐந்தில் நால்வர் பாலியல் தொழிலால் வாழ்ந்தனர். இறந்துபோன தோழியரின் பெயர்களைச் சொல்லுங்கள் என்று கேட்டபோது 420 பெயர்கள் சேர்ந்தன. அவர்களிற் பெரும்பாலானோர் இருபத்திரண்டு வயதிற்கும் நாற்பத்தொரு வயதிற்கும் இடையில் மாண்டவர்கள். எய்ட்ஸ் முதற் காரணம், கொலை அடுத்த காரணம். புள்ளிவிபரத் திணைக்களம் எண்ணாத ஒரு கூட்டம் தன்னைத்தானே எண்ணிக்கொண்டது என்றே இந்நூலைப் பற்றிச் சொல்லவேண்டும். அதன் பின்னர்தான் தொழில், கல்வி என்ற கோரிக்கைகளை வெறும் கோஷமாகத் தள்ளிவிட முடியாத நிலை உண்டானது.

இதற்கிடையில் நீதிமன்ற வழக்கு. திரவெஸ்தி, மாற்றுப்பால் அடையாளங்களுக்காகப் போராடும் சங்கம் ஒன்றை லோஹானா 1990களின் நடுப்பகுதியில் தோழியருடன் சேர்ந்து அமைத்திருந்தார். ஸ்பானிய மொழியில் அதன் சுருக்கப் பெயர் 'அலிட்'. தமிழ்க் காதிற்கு இப்பெயர் தரும் ஒலியொற்றுமை தற்செயலானது. சங்கத்தின் நோக்கங்களாக யாப்பில் எழுதியிருந்தவை சாதாரணமானவை: உடல்நலம், கல்வி, வேலை, குடியிருப்பு ஆகிய உரிமைகளுக்காகப் பிரசாரம் செய்தல், திருநங்கையர் குற்றவாளிகள் அல்லர் என்பதை அரசும் சமூகமும் ஏற்கச் செய்தல். சங்கங்களைப் பதிவு செய்யும் அரச நிறுவனம் பதிவை மறுத்தது. இந்நோக்கங்கள் பொதுநலனுக்கு உதவுவன அல்ல, சங்கத்தினருக்கு மாத்திரமே பயன்படுவன என்பது காரணம். மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொல்லிற்று.

இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கலாம். தேநீர் வர்த்தகர் சங்கமும், பழைய மாணவர் சங்கமும், குதிரைப் பந்தயக் கழகமும் யாருக்குப் பயன்படுகின்றன? தம் அங்கத்தவருக்குத்தான். அவற்றைப் பதிவு செய்யும் எழுதுவினைஞர் 'பொதுநலன் எங்கே?' என்று கேட்பதில்லை. பசித்தவன் சோற்றுக்காகச் சங்கம் அமைக்கும்போது மட்டும் அக்கேள்வி எழுகிறது.

2006 நவம்பர் 21 அன்று ஆர்ஜென்டினாவின் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைப் புரட்டியது. 1991இல் இதே நீதிமன்றம், தன்பாலீர்ப்பாளரின் அமைப்பு ஒன்றிற்குப் பதிவை மறுத்ததைச் சரியென்று ஏற்றிருந்தது. பதினைந்து ஆண்டுகளின் பின் அது தன் பழைய நிலைப்பாட்டிலிருந்து விலகியது. நாட்டின் அரசியலமைப்பு 14ஆம் உறுப்புரையில் 'பயனுள்ள நோக்கங்களுக்காக'ச் சங்கம் சேரும் உரிமையை வழங்குகிறது. ஒதுக்கப்பட்டு, வறுமையிலும் நோயிலும் இளமையிலேயே மடியும் மக்கள் தமது வாழ்வைச் சீர்செய்வதற்குச் சேர்வது பயனற்ற நோக்கம் என்று எப்படிச் சொல்வது என்பதே தீர்ப்பின் சாரம்.

பதிவு கிடைத்ததும் லோஹானாவும் அவரது தோழியரும் ஓர் அலுவலகத்தைத் திறந்து பெயர்ப்பலகை மாட்டி நின்றுவிடவில்லை. கூட்டுறவுத் தையற்கூடம் ஒன்றை அமைக்க முனைந்தனர். அந்நாட்டின் அக்காலச் சூழல் தெரியாதவர்களுக்கு இத்தெரிவு விளங்காது. 2001 டிசெம்பரில் ஆர்ஜென்டினாவின் பொருளாதாரம் சரிந்தது. வங்கிகள் பூட்டின, ஜனாதிபதி ஹெலிகொப்டரில் மாளிகையைவிட்டு வெளியேறினார், மறு ஆண்டில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வேலையிழந்து நின்றனர். முதலாளிகள் கைவிட்டுப்போன தொழிற்சாலைகளைத் தொழிலாளர்களே எடுத்து நடத்தத் தொடங்கினர். புவனோஸ் அயர்ஸில் புருக்மன் என்னும் ஆடைத் தொழிற்சாலையைத் தையற்காரப் பெண்கள் தம் வசப்படுத்தியது அந்த டிசெம்பரில்தான். கூட்டுறவு என்பது அங்கு பாடப்புத்தகச் சொல்லாக இருக்கவில்லை. அயல் வீட்டார் அதனைச் செய்து காட்டியிருந்தனர். அரசிலும் கூட்டுறவுகளைப் பதிந்து ஊக்குவிக்கும் நிறுவனமும், அதற்கான நிதியும் இருந்தன.

எனவே 2008இல் அவெல்லனேடாவில் திறக்கப்பட்டது ஒரே கூரையின் கீழ் பள்ளியாகவும் பட்டறையாகவும் அமைந்த கூட்டுறவு. சமூக அபிவிருத்தி அமைச்சின் உதவி கிடைத்தது. 2004இல் மறைந்த நாடியா எச்சாசூ என்னும் போராளியின் பெயரை அதற்குச் சூட்டினர். வெட்டுதல், தைத்தல், இயந்திரத்தைப் பழுதுபார்த்துப் பேணுதல் ஆகியவற்றுடன், கணக்கு வைப்பதும் கூட்டம் நடத்துவதும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஏனெனில் கற்றவரே அங்கத்தவர், அங்கத்தவரே உரிமையாளர். படுக்கை விரிப்புகளும் பைகளும் தைத்தனர். கட்டணம் எதுவும் இல்லை.

ஏன் கூட்டுறவு? வேறோர் ஆடைத் தொழிற்சாலையில் சேர்த்துவிடும் பயிற்சி நிலையமாக இதனை அமைத்திருக்கலாகாதா? அந்தத் திருநங்கை வேலை கேட்டுப் போகும் காட்சியைப் படிப்படியாக நினைத்துப் பாருங்கள். நன்றாகத் தைப்பார், பயிற்சிச் சான்றிதழும் கையில் இருக்கிறது. முகாமையாளர் அடையாள அட்டையைக் கேட்கிறார். அதில் ஆண் பெயர். பள்ளிச் சான்றிதழ் கேட்கிறார். பதின்மூன்று வயதில் வீட்டைவிட்டவரிடம் அது ஏது? பொலிஸ் பதிவு ஏதும் உண்டா என்கிறார். உடுத்த உடைக்காகவே பத்துத் தடவை உள்ளே போனவர் என்ன சொல்வார்? இவை எல்லாவற்றையும் தாண்டினாலும், மற்றத் தொழிலாளர் எந்தக் கழிவறையைப் பயன்படுத்துவது என்று முறையிடுகிறார்கள் என்பதோடு காரியம் முடிந்துவிடும். இந்த நான்கு கேள்விகளில் ஒன்றுக்கும் தையற்பயிற்சி விடையாகாது. தொழில் தெரியாமை அவர்களை வெளியே நிறுத்திய பூட்டுகளில் ஒன்று மட்டுமே. மிகப் பெரிய பூட்டும் அதுவன்று. கூட்டுறவில் இந்தக் கேள்விகளைக் கேட்பதற்கு ஆளில்லை. லோஹானாவின் கூர்மை இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஆயினும் கூட்டுறவும் ஒரு வியாபாரமே. துணி வாங்க முதல் வேண்டும்; தைத்ததை வாங்க ஆள் வேண்டும். 2009இன் பின்னர் வன்னியில் தொண்டு நிறுவனங்கள் கணவரை இழந்த பெண்களுக்கு வழங்கிய தையல் இயந்திரங்களைப் பல வீடுகளிற் கண்டிருக்கிறேன். சில இயங்கின, பல, உறை போட்டபடி மூலையில் இருந்தன. "பத்து வீட்டில எட்டு வீட்டில மெஷின் இருந்தா, ஆர் ஆருக்குத் தைக்கிறது?" என்று ஒரு தாய் கேட்டார். பயிற்சி கொடுத்தவர்களின் அறிக்கையில் அந்த எட்டு வீடும் வெற்றிக் கணக்கில் இருந்திருக்கும். ஏழைக்கு உதவுவது என்று யார் நினைத்தாலும் முதலில் ஏன் தையல் இயந்திரமே நினைவிற்கு வருகிறது என்பது தனியாக ஆராய வேண்டிய விடயம்.

தையற்கூடம் எல்லோருக்கும் இடந்தராது என்பதும், எல்லோரும் தையலையே விரும்பவேண்டும் என்பதில்லை என்பதும் வெளிப்படை. அடுத்த கட்டம் பள்ளிக்கூடம். லோஹானாவே 2002இல் ஆசிரியப் பயிற்சிக்காக ஒரு கலாசாலையிற் சேர்ந்தபோது, பதிவேட்டில் உள்ள ஆண் பெயராலேயே அவரை அழைத்தனர். அவர் மக்கள் குறைகேள் அதிகாரியிடம் முறையிட்டு, தமது பெயரால் அழைக்கப்படும் உரிமையைப் பெற்றார். ஒருவர் தனியாக நின்று பெற்ற உரிமை அது. கூட்டமாகச் சென்று படிப்பதற்கு 2011 நவம்பரில் புவனோஸ் அயர்ஸின் சக்காரித்தா பகுதியில், ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில், 'மோச்சா செலிஸ்' மக்கள் பள்ளி தொடங்கியது. 2012இல் வகுப்புகள் நடந்தன. பதினாறு வயதிற்கு மேற்பட்டோருக்கான மூன்றாண்டு இடைநிலைக் கல்வி, அரசு அங்கீகரித்த சான்றிதழ், கட்டணமில்லை. சமூக மேம்பாட்டுத் துணைவினைஞர் என்ற தகைமையுடன் மாணவர்கள் வெளியேறுவர். நம் நாட்டிற் சாதாரண தரத்தையும் உயர்தரத்தையும் ஒரு தொழிற்றகைமையையும் ஒன்றாகக் கட்டித் தந்தது போல என்று கொள்ளலாம்.

மோச்சா செலிஸ் யார்? வட மாகாணமான துக்குமானிலிருந்து தலைநகருக்கு வந்து, ஃப்ளோரெஸ் பகுதியின் தெருக்களில் நின்று பிழைத்த ஒரு திருநங்கை. எழுதப் படிக்கத் தெரியாதவர். 1996இல் சுட்டுக் கொல்லப்பட்டார். பொலிஸ்காரர் ஒருவர் மீதே தோழியர் சந்தேகம் கொண்டிருந்தனர். கல்விமானின் பெயரையோ கொடையாளியின் பெயரையோ பள்ளிக்கு இடுவது உலக வழக்கம். எழுத்தறியாத ஒருவரின் பெயரை இட்ட பள்ளி வேறு எங்கேனும் உண்டா என்று நான் தேடிப் பார்த்தேன். என் கண்ணிற் படவில்லை.

இப்பள்ளி திருநங்கையருக்கு மட்டும் என்று கதவை அடைக்கவில்லை. திருநம்பியர், பால்புதுமை இளைஞர், தனித்து நின்று பிள்ளை வளர்க்கும் தாய்மார், பொலிவியா, பெரு நாடுகளிலிருந்து வந்த குடியேறிகள், ஐம்பது வயதிற்குப் பின் எழுத்துக்கூட்டத் தொடங்கியவர்கள் என்று பலரும் ஒரே வகுப்பில் இருந்தனர். ஒரு திருநங்கை பல்கலைக்கழகம் புகுந்தால் அவர் வாழ்வு மாறும், பல திருநங்கையர் புகுந்தால் சமூகத்தின் வாழ்வே மாறும் என்ற பொருளில் லோஹானா பேசிவந்ததை இங்கு நினைவுகூரலாம்.

பள்ளியின் முதல் ஆண்டிலேயே, 2012 மே 9 அன்று, பால் அடையாளச் சட்டம் செனட் சபையில் நிறைவேறியது. ஆதரவாக 55 வாக்குகள், எதிராக ஒன்றுமில்லை, ஒருவர் வாக்களிக்கவில்லை. மருத்துவர் சான்றோ, அறுவைச் சிகிச்சையோ, நீதிமன்ற உத்தரவோ இன்றி, ஒருவர் தாமே கேட்டுத் தமது பெயரையும் பாலையும் அடையாள அட்டையில் மாற்றிக்கொள்ளலாம். இலங்கையில் 2016ஆம் ஆண்டின் சுகாதார அமைச்சுச் சுற்றறிக்கை பால்நிலை அங்கீகாரச் சான்றிதழுக்கு வழிசெய்தபோதும் உளநல மருத்துவரின் கையெழுத்து அதற்கு வேண்டியிருந்தது. முகாமையாளர் கேட்கும் நான்கு கேள்விகளில் முதலாவதற்கு ஆர்ஜென்டினாவில் இவ்வாறு விடை கிடைத்தது. இரண்டாவதற்குப் பள்ளி விடையளிக்கத் தொடங்கியிருந்தது.

மற்றவற்றைக் கையிலெடுத்தவர் தியானா சக்காயான். 1975இல் துக்குமானில் பிறந்து, தலைநகரின் மேற்குப் புறத்து ஏழைக் குடியிருப்பான லா மத்தான்சாவில் இயங்கியவர். பயிற்சி முடித்தவர்களைக் கூலிக்கு எடுக்க யாரும் வராவிட்டால் அரசே எடுக்கட்டும் என்பது அவரது கோரிக்கை. 2015 செப்டெம்பரில் புவனோஸ் அயர்ஸ் மாகாணம், அரச வேலைகளில் குறைந்தது ஒரு வீதத்தை இவர்களுக்கு ஒதுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அடுத்த மாதமே தியானா தம் வீட்டில் கொலையுண்டு கிடந்தார். அவரது பால் அடையாளத்தின் மீதான வெறுப்பே கொலைக்குக் காரணம் என்பதை ஏற்று 2018 ஜூனில் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. சட்டமோ தூங்கியது. அதனை நடைமுறைப்படுத்தும் விதிகள் 2019 டிசெம்பரிலேயே வெளியாகின. லோஹானா 2016 பெப்ரவரியில், ஐம்பதாவது வயதில் நோயினால் மறைந்துவிட்டிருந்தார்.

வேறு இடங்களில் இதே முடிச்சை வேறு விதமாக அவிழ்க்க முயன்றனர். பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநகரம் 2015 ஜனவரியில், நூறு பேருடன் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பள்ளிக்கும் பயிற்சிக்கும் வருவோருக்கு மாதம் 800 ரியாலுக்குச் சற்று மேற்பட்ட உதவித்தொகை, ஏறத்தாழ அக்காலத்துக் குறைந்தபட்சச் சம்பளம். இரவுத் தொழிலால் அன்றாடம் உண்ணும் ஒருவருக்கு 'இலவசப் பயிற்சி' என்பது இலவசமன்று, வகுப்பில் கழியும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் வருமானத்தின் இழப்பு என்பதை அங்கு உணர்ந்திருந்தனர். தமிழ்நாட்டு அரசு, அவெல்லனேடாவின் தையற்கூடம் திறப்பதற்கு இரண்டு மாதங்கள் முன்பாக, 2008 ஏப்ரல் 15இல் அரவாணிகள் நல வாரியத்தை அமைத்தது. சுயதொழில் உதவிகளும் தையல் இயந்திரங்களும் வழங்கியது. கேரளத்தில் 2017இல் கொச்சி மெட்ரோ ரயில் நிறுவனம் 23 பேரைப் பயிற்றி வேலைக்கு எடுத்து உலகச் செய்தியானது. ரயில் ஓடத் தொடங்கிய சில நாட்களிலேயே எட்டுப் பேர் விலகிவிட்டனர். பயிற்சியும் இருந்தது, வேலையும் இருந்தது. வாடகைக்கு வீடு கொடுக்கத்தான் நகரில் ஆளில்லை. நான் மேலே எழுதிய நான்கு கேள்விகளுடன் ஐந்தாவதாக இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது, தெருவை நம்பி வாழ்ந்த திருநங்கையரின் வருமானம் ஒரே நாளில் நின்றது. மோச்சா செலிஸ் பள்ளி வகுப்புகளை ஒதுக்கிவைத்துவிட்டு, உணவுப் பொதிகளைக் கொண்டுசேர்க்கும் தொண்டர் வலையமைப்பாக மாறியது. அதே ஆண்டு செப்டெம்பரில் மத்திய அரசின் வேலைகளிலும் ஒரு வீத ஒதுக்கீடு ஆணை மூலம் வந்தது. 2021 ஜூன் 24 அன்று அது 27,636ஆம் இலக்கச் சட்டமாகியது. தியானா சக்காயான், லோஹானா பெர்கின்ஸ் ஆகிய இருவரின் பெயரையும் அச்சட்டம் தாங்கியிருக்கிறது.

இச்சட்டத்தில் ஒதுக்கீட்டைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு வாசகம். விண்ணப்பிப்பவர் படிப்பை முடிக்காதவராயின் அதைக் காரணங்காட்டித் திருப்பி அனுப்பலாகாது. வேலையிற் சேர்த்துக்கொள்ள வேண்டும். வேலையில் இருந்தவாறே அவர் படிப்பை முடிக்க வேண்டும். அதற்கான கல்விக்கும் பயிற்சிக்கும் அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். செய்யப்போகும் வேலைக்குத் தொடர்பில்லாத பழைய பொலிஸ் பதிவுகளையும் பார்க்கலாகாது. பயிற்சி முதலில், வேலை பிறகு என்பதுதான் உலகெங்கும் உள்ள தொழிற்பயிற்சித் திட்டங்களின் வரிசை. இங்கே அது தலைகீழாக மாற்றப்பட்டது. தனியார் முதலாளிகளுக்கு வரிச் சலுகையும் எழுதப்பட்டது.

ஒரு வீதம் என்று எழுதியிருந்தும், 2023இன் இறுதியில் மத்திய அரச சேவையில் இவ்வழியே சேர்ந்தவர்களின் தொகை ஆயிரத்தை எட்டவில்லை. அந்த டிசெம்பரில் ஹாவியர் மிலே ஜனாதிபதியானார். பெண்கள், பால்நிலை விவகார அமைச்சு கலைக்கப்பட்டது. பாரபட்சத்திற்கு எதிரான தேசிய நிறுவனம் 2024இல் மூடப்பட்டது. அரச சேவையில் பல்லாயிரக்கணக்கானோர் நீக்கப்பட்டபோது ஒதுக்கீட்டின்கீழ் வந்தவர்களும் அதில் அகப்பட்டனர். நிரந்தர நியமனம் பெறாது குறுகிய கால ஒப்பந்தத்தில் இருந்தவர்களை அனுப்புவது இலகு. கடைசியாக வந்தவர்களே அத்தகைய ஒப்பந்தங்களில் இருப்பர். 2025 ஜனவரியில், ஒதுக்கீட்டையே சட்டத்திலிருந்து நீக்கப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. அதற்குக் காங்கிரசின் வாக்கு வேண்டும்.

1990களில் தெருவிலிருந்து பொலிஸ் நிலையத்திற்கும் பொலிஸ் நிலையத்திலிருந்து தெருவிற்குமாக அலைந்தவர்களிடம் இல்லாத இரண்டு கடதாசிகள், 2024இல் வேலையிழந்தவர்களிற் பலரிடம் இருந்தன: தமது சொந்தப் பெயர் அச்சிட்ட அடையாள அட்டை ஒன்று, இடைநிலைக் கல்விச் சான்றிதழ் மற்றொன்று. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் வேறு வேலை தேடத் தொடங்கினர்.